மருந்தேற்றிய பழைய மரம்: வெட்டாமல் உள்ளே பார்ப்பது எப்படி?

திருகோணமலையில் பழைய மரம் வாங்கி வேலை செய்வது புதுப் பழக்கமல்ல. உடைத்த வீட்டின் தீராந்தி, ரயில் பாதையிலிருந்து கழற்றிய சிலிப்பர் கட்டை, கொங்கிறீட் கம்பம் வந்ததால் பிடுங்கிப் போட்ட மரக் கரண்ட் கம்பம், இறங்குதுறை திருத்தும்போது வெளியே வந்த தூண் என்று ஏதாவது ஒன்று யாருடைய வளவிலாவது கிடக்கும். புதுமரத்தின் விலையைக் கேட்டவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. விற்பவரும் வழக்கமாக ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: “தம்பி, இது மருந்து ஏத்தின மரம். இதுக்குச் சாவே இல்லை.”

அதில் பாதி சரி. மருந்து என்பது கறையானுக்கும் வண்டுக்கும் பங்கசுக்கும் எதிரான காவல். அந்த மரம் ஒரு கூரையை இன்னும் முப்பது வருடம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு மருந்து பதில் சொல்லாது. போதாக்குறைக்கு, பதில் தேடும் கருவிகளையும் அது சில சமயம் குழப்பிவிடும். மரத்தை வெட்டாமல், உடைக்காமல், உள்ளே எப்படி இருக்கிறது, எவ்வளவு பலம் மிச்சம் என்று அறியும் வழிகளுக்குச் சேதமில்லாச் சோதனை என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதில் பாதி வேலை ஒரு சுத்தியல், ஒரு ஸ்குரூ டிறைவர், ஒரு தராசு, ஒரு கைபேசி ஆகியவற்றோடு முடிந்துவிடும்.

மருந்து எதுவரை போயிருக்கிறது?

பூசின மருந்தும் ஏற்றின மருந்தும் ஒன்றல்ல. தூரிகையால் பூசினது தோலோடு நின்றுவிடும். ஏற்றுவது என்றால், மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, கதவை மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு மருந்தை அழுத்தத்தில் உள்ளே தள்ளுவது. ஜோன் பெத்தெல் என்பவர் 1838இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. அடிப்படையில் இன்றும் அதேதான்.

அப்படித் தள்ளினாலும் மருந்து எல்லா இடத்துக்கும் போகாது. வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளி மரம், மருந்தைக் குடிக்கும். வைரம், அதாவது முற்றிய நடு மரம், லேசில் குடிக்காது. நம் பக்கத்துப் பாலை, முதிரை, சவண்டலை போன்றவற்றின் வைரத்துக்குப் பெரும்பாலும் மருந்து தேவையும் இல்லை. (சவண்டலையை ஆங்கிலேய வியாபாரிகள் ‘திருகோணமலை மரம்’ என்றே விற்றார்கள். சென்னைக் கரையில் அலை தாண்டி ஓடிய மசூலா படகுகள் இந்த மரத்தில் செய்யப்பட்டவை.) ஆனால் மருந்தேற்றுவதற்கென்று எடுக்கப்படும் மரங்கள் பொதுவாக அந்த ரகம் அல்ல. யூக்கலிப்டஸ், பைன் மாதிரி வேகமாக வளர்ந்தவை. அவற்றில் மருந்தேறிய ஓர் ஓடு வெளியே இருக்கும், மருந்தேறாத நடு உள்ளே இருக்கும். வெடிப்பு வழியாகவோ போல்ட் ஓட்டை வழியாகவோ மழைத்தண்ணீர் நடுவுக்குப் போனால் பங்கசு அங்கே குடியேறும். வெளி ஓட்டுக்கு ஒன்றும் நடக்காது. பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும் கம்பம் உள்ளே உக்கிப்போயிருப்பது இப்படித்தான். மருந்தில்லாத மரமென்றால் வெளியே பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மருந்தேற்றிய மரத்தில் கண்ணை நம்ப முடியாது.

அப்புறம், எந்த மருந்து என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கறுப்பாக, தார் மணத்தோடு, வெயிலில் பிசுபிசுத்தால் அது கிரியோசோட், நிலக்கரித் தாரிலிருந்து வடிப்பது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் அதில் உண்டு. நம்மூர் ஆவணி வெயிலில் அது மரத்திலிருந்து கசிந்து வரும். எவ்வளவு பலமான கட்டை என்றாலும் ஆட்கள் படுத்துறங்கும் வீட்டுக்குள் கிரியோசோட் மரத்தைப் போடவே கூடாது என்பது என் நிலைப்பாடு. படகுத்துறை, வாய்க்கால் பாலம், மண் தாங்கும் சுவர் என்று அதற்கு வேறு இடம் இருக்கிறது. சிலிப்பர் கட்டை எல்லாம் கிரியோசோட் என்று நினைத்துவிடவும் வேண்டாம். வைரமான மரத்தை மருந்தில்லாமல் அப்படியே போட்டதும் உண்டு.

பச்சை கலந்த சாம்பல் நிறம், மணம் ஒன்றும் இல்லை என்றால் அது பெரும்பாலும் சிசிஏ. செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்த உப்பு மருந்து. 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் உருவாக்கியது. உலகம் முழுவதும் கம்பங்களிலும் தூண்களிலும் ஏறிய அந்தப் பச்சை நிறத்தின் ஊர் இந்தியா என்பது பலருக்குத் தெரியாது. ஆசனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரத்தில் இதை ஏற்றுவது நிறுத்தப்பட்டது. மின்கம்பம், கடல் தூண் போன்றவற்றுக்கு அங்கே இன்னும் அனுமதி உண்டு.

மூன்றாவது போரன் உப்பு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. றப்பர் மரத் தளபாடங்களுக்குப் பெரும்பாலும் இதுதான். தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால், மழையில் பல வருடம் கிடந்த மரத்தில் போரன் இருந்ததா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடங்களில் பாவிப்பது நம்முடைய மஞ்சள்தான். மஞ்சளைச் சாராயக் கரைசலில் எடுத்து, அதோடு அமிலக் கரைசல் ஒன்றும் தெளித்தால், போரன் உள்ள இடம் மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும். செம்பைக் காட்ட குரோம் அசுரோல் என்றொரு சாயம் இருக்கிறது, சிசிஏ ஏறிய இடமெல்லாம் கடும் நீலமாகும். வெட்டிய முகத்தில் இதைத் தடவினால் மருந்து எத்தனை மில்லிமீற்றர் ஆழம் போயிருக்கிறது என்பது வளையமாகத் தெரியும். ஆசனிக் இருக்கிறதா என்று சந்தேகமறச் சொல்ல எக்ஸ் கதிர்த் துப்பாக்கி என்கிற கையடக்கக் கருவி உண்டு. நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

முதலில் கண்ணும் கையும்

கருவியை எடுக்க முன்னர் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மரம் முன்பு செய்த வேலையே அதைச் சொல்லிவிடும்.

கரண்ட் கம்பம் உக்குவது நிலமட்டத்தில், அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி கீழ் வரை. அங்கே ஈரமும் காற்றும் இரண்டும் கிடைக்கும். அதற்குக் கீழே காற்றுக் குறைவு, மேலே ஈரம் குறைவு. கடல் தூண் போவது நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும். கப்பற்புழு வெளியே குண்டூசி முனையளவு ஓட்டை போட்டு நுழைந்து, உள்ளே விரல் தடிப்புக்குச் சுரங்கம் தோண்டும். மேலே கைவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிலிப்பர் கட்டையில் தண்டவாளம் உட்கார்ந்த இரண்டு இடமும், ஆணி இறங்கிய ஓட்டைகளும்தான் நோய். இலங்கை ரயில் பாதை ஐந்தரை அடி அகலம். ஆகவே ஒன்பது அடிக் கட்டை என்று காசு கொடுத்து வாங்கினாலும் ஓட்டையில்லாமல் சுத்தமாகக் கிடைப்பது நடுவில் நாலரை, ஐந்து அடிதான். விலை பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஸ்குரூ டிறைவரைச் சாய்வாகக் குத்தி ஒரு சிராயைக் கிளப்பிப் பாருங்கள். நல்ல மரம் நீளமான நாராகக் கிளம்பி, சத்தத்தோடு முறியும். உக்கத் தொடங்கிய மரம் சத்தமில்லாமல் குட்டையாக, பிஸ்கட் துண்டு போல உடைந்து வரும். இந்தச் சின்னச் சோதனையை யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஆரம்ப நிலை உக்கலைச் சில கருவிகளை விட முன்னதாகக் காட்டுவது இதுதான்.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் முக்கியம். காய்ந்த வெடிப்பு போகும் வழியே நார் போகும் வழி. தீராந்தியின் விளிம்புக்கு இணையாகப் போனால் நல்லது. பத்து அங்குல நீளத்தில் ஓர் அங்குலம் சாய்ந்தால் வளைவுப் பலம் நேர்நார் மரத்தின் 81 சதவீதத்துக்கு இறங்கும். ஐந்துக்கு ஒன்று என்றால் 55 சதவீதம். உக்கலே இல்லாத, மருந்து நிறைந்த மரம் இந்த ஒரு காரணத்தாலேயே பாதிப் பலத்தோடு இருக்கலாம்.

பிறகு இரும்பு. ஆணி, போல்ட் துண்டு எல்லா ஊரிலும் உண்டு. வடக்கு கிழக்கில் ஷெல் சில்லும் உண்டு. மரக்காலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வாள் பட்டி பல்லுப்போன கதை ஒவ்வொருவரிடமும் இருக்கும். பலமான காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்தினால் மேலாக உள்ள இரும்பு தெரியும். துப்பாக்கி ரவையின் ஈயமும் செம்பும் காந்தத்துக்குப் பிடிபடாது, அதற்கு மெட்டல் டிடெக்டர் தேவை.

குறுக்கே ஒலி

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊருக்கு ஒலிச் சோதனையைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. சுத்தியலால் தட்டும்போது நல்ல மரம் கணீரென்று கேட்கும், உள்ளே போனது மந்தமாகக் கேட்கும். ஆனால் காது ஒப்பிடத்தான் நல்லது, அளக்க அல்ல. நடுவில் சிறிய உக்கல் இருந்தால் காதுக்குத் தெரியாது.

அதனால் நேரத்தை அளக்கிறார்கள். மரத்தின் ஒரு பக்கத்தில் ஓர் உணரி, நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. ஒரு பக்கம் தட்டினால் அதிர்வு மறுபக்கம் போய்ச்சேர எத்தனை மைக்ரோ செக்கன் என்று கருவி காட்டும். ஒலி திடமான மரத்தில் வேகமாகப் போகும். உக்கலுக்குள் மெதுவாகப் போகும், பொந்து இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும். எப்படியும் நேரம் கூடும். காய்ந்த நல்ல மரத்தில் நாருக்குக் குறுக்கே ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 1000 மைக்ரோ செக்கனோ அதற்குக் குறைவோ எடுக்கும். அமெரிக்க வன உற்பத்தி ஆய்வுகூடத்தின் வழிகாட்டிகளில் ஒரு கைக்கணக்கு உண்டு: நேரம் 30 சதவீதம் கூடினால் அந்த இடத்தின் பலம் பாதி போயிருக்கும் என்று எடுத்துக்கொள்.

இங்கேதான் மருந்து குழப்பும். அதே வழிகாட்டிகள் இன்னொன்றும் சொல்கின்றன. சிசிஏ போன்ற உப்பு மருந்து ஒலியின் நேரத்தை அநேகமாக மாற்றுவதில்லை. கிரியோசோட் போன்ற எண்ணெய் மருந்தோ, உக்கலே இல்லாத மரத்திலும் நேரத்தை 40 சதவீதம் வரை கூட்டிவிடும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். பத்து அங்குலம், அதாவது 250 மில்லிமீற்றர் அகலமான கிரியோசோட் சிலிப்பர் கட்டையில் அடிக்கு ஓர் இடம் சோக்கட்டியால் குறித்து, அகலத்துக்குக் குறுக்கே அளக்கிறோம். 340, 350, 345, 345, 480, 470, 350 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தில்லாத மரத்தின் கணக்குப்படி 250 மில்லிமீற்றருக்கு 250 மைக்ரோ செக்கன்தான் வரவேண்டும். அந்த அட்டவணையை மட்டும் வைத்திருப்பவர் முதல் எண்ணைப் பார்த்தே, 36 சதவீதம் கூட, கட்டை போய்விட்டது என்று தள்ளிவிடுவார். கிரியோசோட் என்றால் அப்படித்தான் என்று அரைகுறையாகத் தெரிந்தவர் எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிடுவார். இரண்டும் பிழை. 340–350 என்பது இந்தக் கட்டையின் நல்ல இடத்துக்கான எண். அதோடு ஒப்பிட்டால் 480 என்பது 39 சதவீதம் கூட. அந்த ஐந்தாவது ஆறாவது அடிகளில் ஏதோ நடந்திருக்கிறது. மற்ற இடம் சரி.

அதனால் மருந்தேற்றிய மரத்தில் தனி எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஒரே மரத்துக்குள், ஒரே அடுக்கில் வந்த மரங்களுக்குள் ஒப்பிட்டால்தான் எண் பேசும். ஒரே ஒரு கட்டையை மட்டும் கொண்டுவந்து “அண்ணை, இது நல்லதா?” என்று கேட்டால், எவ்வளவு விலையான கருவி வைத்திருப்பவராலும் தயங்காமல் சொல்ல முடியாது. அதே லொறியில் வந்த பத்துக் கட்டை கிடந்தால் கதை வேறு.

நெடுக்கே ஒலி, கைபேசியோடு

குறுக்கே அளப்பது எங்கே பழுது என்று சொல்லும். மரம் எவ்வளவு விறைப்பு என்று அறிய நெடுக்கே அளக்க வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும்: கோலொன்றில் நெட்டாங்கு ஒலியின் வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் யங்கின் மட்டு, அதாவது விறைப்பின் அளவு. பரீட்சைக்காகப் பாடமாக்கிய சமன்பாடுதான், இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

3 மீற்றர் நீளமான, நாலுக்கு ஆறு அங்குலத் தீராந்தி ஒன்று இருக்கிறது. அதைத் தரையில் வைக்காமல் இரண்டு பழைய ஸ்பொஞ்சுத் துண்டின் மேல் வையுங்கள். ஒரு முனையின் நடுவில் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். மறுமுனையருகே கைபேசியைப் பிடித்து, அதிர்வெண் வரைபடம் காட்டும் ஏதாவது ஓர் இலவசச் செயலியில் பாருங்கள். 600க்கும் 850 ஹேர்ட்ஸுக்கும் இடையில் ஓர் ஊசிமுனை எழும்பும். 100க்குக் கீழேயும் ஒன்று தெரியலாம், அது மரம் பக்கவாட்டில் வளைந்து ஆடுவது, அதை விட்டுவிடுங்கள். எழும்பியது 750 என்றால், ஒலி ஒரு தடவை போய்த் திரும்பி வரும் தூரம் 6 மீற்றர், ஆகவே வேகம் 6 × 750 = 4500 மீற்றர்/செக்கன்.

இனி எடை. இரண்டு முனையையும் இரண்டு குளியலறைத் தராசில் வைத்துக் கூட்டினால் 36 கிலோ. கனவளவு 0.1 × 0.15 × 3 = 0.045 கனமீற்றர். அடர்த்தி 800. இப்போது 800 × 4500 × 4500 என்று பெருக்கினால் ஏறத்தாழ 16 ஜிகாபாஸ்கல். நல்ல வன்மரம். அதே எடையுள்ள இன்னொரு தீராந்தி 600 ஹேர்ட்ஸ் காட்டினால் விடை 10.4. இரண்டும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒன்றின் விறைப்பு மற்றதின் மூன்றில் இரண்டு.

எடையை உண்மையாக நிறுத்துப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மருந்து மரத்தின் எடையைக் கூட்டும், கூடிய எடை ஒலியைத் தாமதப்படுத்தும். வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். உண்மையான எடையையும் கணக்கில் சேர்க்கும்போது அந்தக் குழப்பத்தில் ஒரு பகுதி தானாகச் சரியாகிவிடுகிறது. புத்தகத்தில் உள்ள அடர்த்தியை எடுத்துப் போடுபவர்களுக்கு இந்த லாபம் கிடையாது.

சீமெந்துப் பை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் மருந்து குறுக்கிட இடமே இல்லை. மரத்தைப் பாரத்தால் வளைத்து, எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

3 மீற்றரை விடச் சற்று நீளமான இன்னொரு நாலுக்கு ஆறை இரண்டு தாங்கியின் மேல், சரியாக 3 மீற்றர் இடைவெளியில், படுக்கையாக வையுங்கள். ஆறு அங்குலப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்தால் வளைவு அளக்க முடியாத அளவு சிறிதாக இருக்கும். இரண்டு முனைக்கும் ஆணியில் நூல் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். முதலில் சிறிய பாரம் ஒன்றை ஏற்றி மரத்தை இருக்கையில் அமரவிட்டு, நூலின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் நான்கு சீமெந்துப் பை, 200 கிலோ. கயிற்றுத் தொட்டிலில் தொங்கவிட்டால் பாரம் சரியாக நடுவில் விழும். கீழே இரண்டு அங்குலம் விட்டுக் கல் அடுக்கி வையுங்கள், முறிந்தாலும் யாருடைய காலும் போகாது.

இந்த அளவுகளுக்கு மட்டும் கணக்கு மிகச் சுலபம்: 88,000ஐ வளைவின் மில்லிமீற்றரால் வகுத்தால் சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை நியூட்டன் என்று மட்டு வந்துவிடும். 7.4 மில்லிமீற்றர் வளைந்தால் ஏறத்தாழ 11,900, அதாவது 11.9 ஜிகாபாஸ்கல். 11 மில்லிமீற்றர் என்றால் 8,000. பாரத்தை எடுத்ததும் நூல் பழைய குறிக்கே திரும்ப வேண்டும். பாரம் இருக்கும்போதே பத்து நிமிடத்தில் இன்னும் இறங்கிக்கொண்டு போனால், அல்லது மெல்லிய நறநறப்புக் கேட்டால், அந்த மரத்தைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை. ஒலியால் வந்த மட்டு இதை விடப் பத்துச் சதவீதம் அளவில் கூடுதலாக இருப்பது வழக்கம். வித்தியாசம் அதற்கு மேல் போனால் இரண்டில் ஒன்றை மறுபடி செய்யுங்கள்.

ஐரோப்பாவின் ஈஎன் 338 என்ற தரத்தில் வன்மரங்களை டி30, டி40 என்று வகுத்திருக்கிறார்கள். அந்த எண் வளைவுப் பலத்தைக் குறிக்கிறது. டி30க்குச் சராசரி மட்டு 11,000, டி40க்கு 13,000. இதைப் பார்த்துவிட்டு “என்னுடையது 11,900, அப்படியென்றால் டி30” என்று எழுதிவிடக் கூடாது. விறைப்புக்கும் முறியும் பலத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் பலத்தின் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ பாதியைத்தான் விறைப்பு விளக்கும். மீதியைக் கணுவும், நார்ச் சாய்வும், ஓட்டையும், உக்கலும் தீர்மானிக்கின்றன. கம்பத்தின் நடுமையம் உக்கிப்போனாலும் மட்டு பெரிதாகக் குறையாது, வளைவைத் தாங்குவது வெளி ஓடுதானே. ஆனால் அந்தப் பொந்தில் போல்ட் முடுக்கினால் நிற்காது. இதனால்தான் குறுக்குச் சோதனையும் வேண்டும், நெடுக்குச் சோதனையும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

ஊசியும் ஈரமும்

சந்தேகமான இடம் என்று ஒலி காட்டிய பிறகு ரெசிஸ்டோகிராப் போன்ற ஊசித் துளைக் கருவிக்கு வேலை வரும். 3 மில்லிமீற்றர் முனையுள்ள மெல்லிய ஊசி சுழன்றுகொண்டே உள்ளே போகும்போது எவ்வளவு எதிர்ப்பு என்று வரைபடம் போடும். ஓடு எத்தனை தடிப்பு, பொந்து எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்ப்பது போலத் தெரியும். விலை அதிகம், ஊரில் எல்லோரிடமும் இருக்காது. சிறிய ஓட்டை விழுவதால் இதை முழுச் சேதமில்லாச் சோதனை என்று சொல்ல முடியாது. மருந்தேற்றிய மரத்தில் அந்த ஓட்டையை மருந்து நனைத்த குச்சியால் அடைக்காமல் விட்டால், தண்ணீருக்கு நாமே வழி திறந்தது ஆகும்.

ஈரமானி பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு ஊசி குத்தி மின்தடையைப் பார்த்து ஈரம் சொல்லும் சிறிய கருவி மலிவு, பலரிடம் இருக்கிறது. ஆனால் உப்பு மின்னைக் கடத்தும். சிசிஏ மரத்திலும், கடல்நீரில் நின்ற தூணிலும் அது உள்ளதை விடக் கூடுதலான ஈரம் காட்டும். எல்லா எண்ணும் ஈரத்தோடு மாறும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஈர மரத்தில் ஒலி மெதுவாகப் போகும், மரமும் கூடுதலாக வளையும். மாரியில் அளந்த எண்ணையும் கச்சான் காற்று வீசும் காலத்தில் அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

ஆய்வுகூடத்தில் ஒரு துண்டை வெட்டி 103 பாகையில் காயவைத்து ஈரத்தை அறிவார்கள். வீட்டு அவணில் இதைச் செய்துபார்க்க வேண்டாம், அதே அவணில்தான் நாளைக்குக் கேக் வேகும். அதைவிட எளிய வழி உண்டு. மரங்களை நிழலில், இடையிடையே சிலாகை வைத்து, காற்றுப் போக அடுக்குங்கள். ஒரு மரத்தை மட்டும் கிழமைக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. நம் கரையோரக் காற்றில் அது ஏறத்தாழ 13 முதல் 16 சதவீத ஈரம். அப்போது அளக்கத் தொடங்கலாம். நாலுக்கு ஆறு காய மாதக்கணக்கில் எடுக்கும், அவசரப்பட்டுப் பயனில்லை.

பாஸான மரத்தை என்ன செய்வது

நல்லது என்று தெரிந்த மரத்தை நீளவாக்கில் பிளக்காதீர்கள். பிளந்தால் மருந்தேறாத நடு வெளியே வரும், காசு கொடுத்து வாங்கிய காவல் போய்விடும். குறுக்கே வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டிய முகத்தில் மருந்து பூச வேண்டும். பழைய போல்ட் ஓட்டைகள் தீராந்தியின் நடுப்பகுதியில், கீழ் விளிம்பில் வராதபடி மரத்தைத் திருப்பி வைக்கலாம். அந்த விளிம்புதான் இழுபடுகிறது. நல்ல தச்சாசாரி, கிண்ணியாப் பக்கம் என்றால் ஓடாவியார், இதைச் சொல்லாமலே செய்வார். கடற்காற்றுக்கு நாகம் தோய்த்த போல்ட் போடுங்கள். புதுமரத்துக்குப் போடும் பாரத்தை இதற்கும் அப்படியே போடாமல், ஓர் அளவு பெரிய மரத்தைத் தெரிவுசெய்வது என் வழக்கம். இடைவெளி பத்து அடிக்கு மேல் போனாலோ, மேல்மாடித் தளமாக இருந்தாலோ எண்களை எழுதிக்கொண்டு ஒரு பொறியியலாளரிடம் போங்கள். அளவுகள் கையில் இருந்தால் அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு குறைவு.

மரம் ஏற்றி வருவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்று பிரதேச செயலகத்தில் முதலே கேட்டுவிடுங்கள். பழைய மரம்தானே என்று வழியில் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம்.

தள்ளுபடியான துண்டுகள்தான் கடைசிச் சிக்கல். சிசிஏ மரத்தை எரித்தால் ஆசனிக் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். அடுப்புக்கும் கூடாது, மீன் வாட்டவும் கூடாது, அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போடவே கூடாது. அரிந்த தூளைக் கோழிக்கூட்டில் பரப்பவும் வேண்டாம். அரியும்போது முகமூடி போட்டு, கீழே தறப்பாள் விரித்து, தூளைப் பையில் கட்டி, மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ இன்ன மருந்து ஏறிய மரம் என்று சொல்லி ஒப்படையுங்கள்.